மணிக்கு எழுபத்து நான்கு

அந்த வீட்டில் துவைத்த துணியை மடிப்பது வீட்டுக்காரர் வேலை. சமைக்கிற கை மாறும், பாத்திரம் கழுவுகிற கை மாறும். துணியை மட்டும் அவர் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. இருபத்திரண்டு வருஷம் துணிக்கடையில் நின்று பழகியவர். சட்டையைக் கட்டிலில் குப்புறப் போட்டு, கை இரண்டையும் முதுகுப் பக்கம் மடக்கி, அடியைத் தூக்கி மேலே போட்டு ஒரு தட்டுத் தட்டுவார். திருப்பினால் காலர் நிமிர்ந்து ஆளைப் பார்க்கும். கிழிந்த உள்பனியனுக்கும் அதே மரியாதைதான். "விலைச்சீட்டு ஒட்டி வைண்ணா, யாராவது வந்தா வாங்கிட்டுப் போகட்டும்" என்று அவருடைய தங்கை முன்பெல்லாம் கேலி செய்வாள்.

அன்று மனைவிக்கு வார விடுப்பு. காலை பத்து மணி. கட்டிலில் நான்கு அடுக்குகள் எழும்பியிருந்தன: அவருடையது, மனைவியுடையது, தங்கையுடையது, துண்டும் போர்வையுமாகப் பொதுவானது ஒன்று. அடுத்து வாளியிலிருந்து சாம்பல் நிறச் சட்டை ஒன்று வந்தது. பைக்கு மேலே கம்பெனியின் பெயர் தைத்திருந்தது. அதையும் அழகாக மடித்தார். மடித்துவிட்டு, மனைவியின் அடுக்கில் வைக்காமல், சற்று யோசித்து, ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

மனைவி அதைப் பார்த்தாள். அவள் முன்னால் சின்ன மேஜையில் ஒரு வேலை விண்ணப்பத் தாள் கிடந்தது. பறக்காமலிருக்க டீ கிளாஸை மேலே வைத்திருந்தாள். நாத்தனாரின் கையெழுத்து வேண்டும். நாளைக் காலை முதல் ஷிப்டுக்குப் போகும்போது தாளைக் கொண்டுபோகவில்லை என்றால் அந்த இடம் வேறொருத்திக்குப் போய்விடும். நாத்தனாரோ வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தீய்ந்துபோன பாத்திரத்தின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். நேற்று மாலையிலிருந்து அவள் அந்தத் தாளின் பக்கமே திரும்பவில்லை.

ஒரே கூரையின் கீழ் மூன்று பேர் இப்படி வாய் பூட்டிக்கொண்டது எப்படி என்று சொல்ல வேண்டுமானால், துணிக்கடை மூடியதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கடை ஒரே நாளில் மூடவில்லை. முதலில் பெரிய விளக்குகளை அணைத்தார்கள். அப்புறம் மாடியைப் பூட்டினார்கள். உள்ளே வந்து நான்கு சட்டையைப் போட்டுப் பார்த்து, போனில் படம் எடுத்துக்கொண்டு, "இதே சட்டை போன்ல குறைச்சலா கிடைக்குது" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போகிறவர்களை வீட்டுக்காரர் இரண்டு வருஷம் பார்த்தார். பிறகு முதலாளி ஒருநாள் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்து, அழுது, சாவியை எடுத்துக்கொண்டு போனார். அந்த வயதில், அந்த முதுகோடு, சுமை தூக்கித் தூக்கி அடிவயிற்றில் வந்த குடலிறக்கத்தோடு, அவரை எடுக்க யாரும் தயாராக இல்லை.

அதே வருஷம் ஊர் எல்லையில், பஸ் கடைசியாகத் திரும்புகிற இடத்துக்குப் பின்னால், கிடங்கு வந்தது. கிடங்கு என்றால் மூட்டை அடுக்குகிற கொட்டகை என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு முனையில் நின்றால் மறுமுனையில் நிற்கிறவர் ஆணா பெண்ணா என்று தெரியாது. சாலை நெடுக, மூவாயிரம் பேருக்கு வேலை என்று பலகை வைத்தார்கள். அது பொய்யில்லை. மூவாயிரம் பேருக்கும் மேலாகவே கொடுத்தார்கள். அவர்களில் ஒருத்திதான் இந்த வீட்டுக்காரரின் மனைவி. நாற்பத்தாறு வயதில் முதன்முதலாகக் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

யாரிடம் வேலை செய்கிறாய் என்று கேட்டால் அவளுக்குப் பதில் சொல்லக் கொஞ்ச நாள் பிடித்தது. துணியை விற்கிற கம்பெனி வேறு. போனைத் தட்டி வாங்குகிறவர் யாரோ. இருவருக்கும் நடுவில் நின்று, சரக்கை வாங்கி வைத்து, பெட்டி கட்டி, வீட்டுக்கு அனுப்பி, பிடிக்கவில்லை என்று திருப்பினால் அதையும் வாங்கிக்கொள்கிற மூன்றாவது ஆள்தான் இந்தக் கிடங்குக் கம்பெனி. அந்த மூன்றாவது ஆளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறவர் கான்ட்ராக்டர். அவள் கான்ட்ராக்டரின் ஆள். இதை அவள் விரல் மடக்கி விளக்கியபோது வீட்டுக்காரர், "அப்போ நீ அஞ்சாவது. நான் அந்தத் துணியை வித்துக்கிட்டிருந்தவன். என்னை எத்தனாவதுல சேர்ப்பே?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

அவளைப் போட்டது திரும்பி வருகிற துணிகளின் பகுதியில். மேஜைக்குப் பக்கத்தில் ஒரு கூண்டு வண்டி நிறையப் பொட்டலங்கள் வந்து நிற்கும். பிரித்து, விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, அக்குளை முகர்ந்து, புதிதா சுமாரா கழிவா என்று தரம் பிரித்து, மடித்து, உறையிலிட்டு, ஸ்கேனரால் ஒரு தட்டு. அப்புறம் அந்தந்தத் தொட்டி. கையளவு ஸ்கேனர்தான், ஆனால் அவரவர் ஐடியைப் போட்டால்தான் கண் திறக்கும். மூலையில் ஓர் எண் ஓடும்: ஒரு மணி நேரத்தில் எத்தனை உருப்படி. ரேட்டு என்பார்கள். அப்போது முப்பத்தாறு கேட்டார்கள். தாண்டினால் எண் பச்சை, தாண்டாவிட்டால் சிவப்பு.

சட்டைப் பையில் பஸ் டிக்கெட் இருக்கும், காலரில் உதட்டுச் சாயம் இருக்கும். கல்யாணத்துக்குப் போட்டு ஆடிவிட்டு, வியர்வை காய்வதற்குள் திருப்பி அனுப்பிய கோட்டெல்லாம் வரும். "நாங்க கடையில வாங்காம போறவங்களைப் பார்த்திருக்கோம்" என்றார் வீட்டுக்காரர். "போட்டு அழுக்காக்கிட்டு வேண்டாம்னு சொல்றவங்களை இப்பத்தான் கேள்விப்படறேன்." மடிக்கச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். தட்டில் சாப்பாடு ஆற ஆற, கட்டிலில் உட்கார வைத்து நான்கே அசைவில் முடிகிற மடிப்பைக் கையைப் பிடித்துப் பழக்கினார். இரண்டு மாதத்தில் அவள் ரேட்டு நாற்பத்தொன்றில் நின்றது. கிடங்கில் அவளுக்கு மடிப்பக்கா என்று பெயர் விழுந்தது.

மடிப்பக்காவைக் கான்ட்ராக்டருக்குப் பிடித்துப்போனது. "உங்க தெருவுல இன்னும் ஆள் இல்லையாக்கா?" என்று கேட்டார். இருந்தார்கள். ஒன்றரை வருஷத்தில் பதினோரு பேரைக் கூட்டிக்கொண்டு போனாள். வாசலைத் தாண்டாத பெண்கள், சொந்தக் கையால் சம்பளம் வாங்கினார்கள். எதிர்வீட்டுக்காரி, மடிப்பக்காவைவிட ஆறு வயது மூத்தவள், முதல் மாதம் தனக்கென்று ஒரு ஜோடி செருப்பு வாங்கி, வழியெல்லாம் காலைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். காலையில் பஸ் நிறுத்தத்தில் பன்னிரண்டு பேரும் ஒரே நிற ஆரஞ்சு மேலங்கியில் நின்றால், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அழைத்துப்போகிற டீச்சர் மாதிரி மடிப்பக்கா முன்னால் நிற்பாள். அவளைக் கேட்காமல் அந்தத் தெருவில் வேலை என்ற பேச்சையே எடுக்க மாட்டார்கள் என்று ஆகிவிட்டது. அது அவளுக்குப் பிடித்திருந்தது. இதை அவளே ஒப்புக்கொள்வாள்.

இப்படியிருக்கும்போதுதான் நாத்தனார் இரண்டு பையோடு வந்து இறங்கினாள். புருஷன் வீட்டில் என்ன நடந்தது என்று அவளும் சொல்லவில்லை, அண்ணனும் கேட்கவில்லை. முப்பத்தொரு வயது. கை சுறுசுறுப்பு, வாய் அதைவிடச் சுறுசுறுப்பு. வந்த பத்தாம் நாள் அடுப்படியில் நின்றுகொண்டு, "சும்மா உக்காந்து சாப்பிடறேன்னு யாரும் சொல்லலை அண்ணி. அந்தச் சொல்லாததுதான் எனக்குக் காதுல விழுந்துக்கிட்டே இருக்கு" என்றாள். மறுநாளே மடிப்பக்கா அவளைக் கூட்டிக்கொண்டு போனாள்.

கான்ட்ராக்டரின் நோட்டில் பெயர் ஏறிவிட்டது. சம்பளம் அந்த நோட்டிலிருந்துதான், அதனால் அதில் குறையில்லை. ஸ்கேனர் ஐடி மட்டும் வரவில்லை. மேலே போயிருக்கிறது என்றார்கள். மேலே என்பது வேறு ஊரிலிருந்த தலைமை அலுவலகம். புதிதாக வருகிற எல்லோருக்கும் இப்படித்தான். ஐடி வரும்வரை மூன்று நாளோ நான்கு நாளோ, தெரிந்தவர் மேஜையில் ஒட்டிக்கொண்டு அவர் ஐடியில் வேலை செய்வார்கள். ஒருவர் ஐடியில் இன்னொருவர் வேலை செய்தால் இருவருக்கும் வேலை போகும் என்று சுவரில் எழுதியிருந்தது. அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டுதான் எல்லோரும் அதைச் செய்தார்கள்.

நாத்தனாருக்கு நான்கு நாள் நான்கு வாரமாயிற்று. அப்புறம் நான்கு மாதம். கேட்கும்போதெல்லாம் மேலே இருக்கிறது என்றார்கள். அதற்குள் இருவருக்கும் ஓர் ஓட்டம் பிடித்துவிட்டது. நாத்தனார் பிரிப்பாள், முகர்வாள், தரம் சொல்வாள், மடிப்பாள். மடிப்பக்கா உறையிலிட்டு ஸ்கேனரைத் தட்டித் தொட்டியில் போடுவாள். கஷ்டமான பாதி நாத்தனாருடையது. அவள் மூக்கு அப்படி, கையிலெடுக்கும்போதே, "இது கழிவு அண்ணி. இந்த அம்மா இதைப் போட்டுக்கிட்டு மீன் வறுத்திருக்காங்க" என்பாள். திருப்பி அனுப்பியவர்களுக்கெல்லாம் ஒரு கதை கட்டுவாள். ஒரே சட்டையை மூன்று அளவில் வாங்கி மூன்றையும் திருப்புகிறவருக்கு, "இவருக்கு உடம்புதான் பிடிக்கலை, சட்டை இல்லை" என்றாள். எட்டு மணி நேரம் நின்ற கால் வீங்கியிருக்கும். ஆனால் அந்த நான்கு மாதம் போல மடிப்பக்கா கல்யாணமான நாளிலிருந்து சிரித்ததில்லை. மூலையிலிருந்த எண் எழுபத்து நான்கைத் தொட்டது. பச்சை என்றால் அப்படியொரு பச்சை.

பகுதிக்கு சூப்பர்வைசர் ஒருத்தன் இருந்தான். முப்பது வயதுதான் இருக்கும், கையில் இரண்டு போன். எதையும் சதவீதத்தில்தான் பேசுவான். வெயில் எப்படி என்றால் நேற்றைவிடப் பத்து சதவீதம் கூட என்பான். அவனுக்குச் சதவீதம் என்றே பெயர். ஒரே மேஜையில் இரண்டு பெண்கள் நிற்பது அவன் கண்ணில் படாமலில்லை. பக்கத்தில் வந்து நின்று, எண்ணைப் பார்த்து, "நான் எதையும் பார்க்கலைக்கா" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போவான். பகுதியின் மொத்தம் ஏறினால் அவனுக்கு நல்ல பெயர்.

எண் மேலே போனது. மேலே ஒன்பது கிடங்குகளின் எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். மணிக்கு எழுபத்து நான்கு, ஒன்பதிலும் முதலிடம். எப்படி என்று கேட்டு மெயில் வந்தது. சதவீதம் ஒரு பகல் முழுக்க அந்த மெயிலை வைத்துக்கொண்டு அலைந்தான். உண்மையைச் சொன்னால் ஐடி இல்லாத ஆளை நான்கு மாதம் வேலையில் வைத்திருந்ததற்கு முதலில் போகிறது அவன் வேலை. பயிற்சி என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டுவிட்டான். பத்தாவது நாள் புது ரேட்டு வந்தது. ஒரு பெண்ணால் எழுபத்து நான்கு முடிகிறதென்றால் மற்றவர்களால் அறுபதாவது முடியாதா? எல்லோருக்கும் அறுபது. இரண்டு வாரம் தொடர்ந்து சிவப்பில் இருந்தால் மூன்றாவது வாரம் வர வேண்டாம்.

மடிப்பக்கா ஸ்கேனரை மேஜையில் வைத்தாள். நேரே சதவீதத்திடம் போனாள்.

"தம்பி, அது ரெண்டு பேரோட கைன்னு உனக்குத் தெரியும். எழுதிப் போட்டுடு. ஒத்தை ஆளா நான் நாப்பத்தொண்ணுதான்."

அவன் அவளைத் தண்ணீர் எந்திரத்துக்குப் பக்கத்தில் தள்ளிக்கொண்டு போனான். "எழுதினா வேலை உங்களுக்குப் போகும், உங்க நாத்தனாருக்குப் போகும், எனக்குப் போகும். அறுபது போகாதுக்கா. மேல வச்சது வச்சதுதான். இன்னொண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாதீங்க. உங்களை கம்பெனி ஆளா எடுக்கச் சொல்லி வந்திருக்கு. சாம்பல் சட்டை. குடும்பத்துக்கே மருத்துவ அட்டை."

மருத்துவ அட்டை என்றதும் அவளுக்கு வீட்டுக்காரர் நினைவுதான் வந்தது. பஸ்ஸில் ஏறும்போது ஒரு கையால் கம்பியையும் மறு கையால் அடிவயிற்றையும் பிடித்துக்கொள்கிற அவர் முகம். அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடாதே என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷமாகியிருந்தது. தண்ணீர் எந்திரத்தில் ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தாள். "அவளுக்கு ஐடி?" என்று கேட்டாள். "அது என் பொறுப்பு" என்றான் சதவீதம்.

தெருக்காரர்கள் விடவில்லை. அவர்கள் கண் முன்னால் நடந்ததுதானே. எதிர்வீட்டுக்காரியும் இன்னும் இருவரும் சதவீதத்திடம் போய், ரெண்டு ஆள் வேலையை ஒரு ஆள் தலையில எழுதிட்டு எங்க கழுத்தைப் பிடிச்சா எப்படி என்று கேட்டார்கள். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். தாராளமாக எழுதிக் கொடுங்க, முதல் வாரம் நீங்க யார் ஐடியில வேலை செஞ்சீங்கன்னும் அதிலேயே எழுதிடுங்க என்றான். அவர்கள் எல்லோருமே முதல் வாரம் மடிப்பக்காவின் ஐடியில் வேலை செய்தவர்கள். ஒருத்தரும் எழுதவில்லை.

ஆறு வாரத்தில் பதினோரு பேரில் ஏழு பேர் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரி கடைசி நாளில் நாற்பத்தேழு செய்தாள். ஒற்றை ஆளாக மடிப்பக்கா ஒருநாளும் செய்யாத எண். மேலங்கியைக் கழற்றி மேஜையில் வைக்கும்போது, "உனக்கு இது ரெண்டு ஆள் கை. எனக்கு அந்த வழி தெரியாமப் போச்சு" என்று மட்டும் சொன்னாள்.

பிறகு விழா வந்தது. நகரத்தில் அதிகம் பேருக்கு வேலை கொடுத்த நிறுவனம் என்று கிடங்குக் கம்பெனிக்கு ஒரு சான்றிதழ். அதைக் கொடுக்கப் பெரிய மனிதர்கள் வந்தார்கள். துணி விற்கிற கம்பெனியிலிருந்து வந்தார்கள். படம் பிடிக்க வந்தார்கள். தளத்திலேயே மேடை போட்டு, மைக் வைத்து, நாற்காலி அடுக்கினார்கள். ஐடி இல்லாத ஆள் எவரும் கண்ணில் படக் கூடாது என்று உத்தரவு. சதவீதம் நாத்தனாரைத் துடைப்பமும் வாளியும் வைக்கிற அறையில் போய் இருக்கச் சொன்னான். ஒரு அரைமணிதான் என்றான். மூன்று மணி நேரமாயிற்று. மேடைக்கு நேர் பின்னால்தான் அந்த அறை. கதவு தகரம்.

மடிப்பக்காவை மேலே கூப்பிட்டு, சாம்பல் சட்டையைத் தோளில் போர்த்தி, கையில் ஒரு தகட்டைக் கொடுத்தார்கள். அதில் எழுபத்து நான்கு என்று பொன்னெழுத்தில் இருந்தது. அதைச் சாதித்தது எப்படி, இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்று மைக்கை நீட்டினார்கள். அவள் கூட்டத்தைப் பார்த்தாள். மிச்சமிருந்த நான்கு தெருக்காரிகளும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 

"என் வீட்டுக்காரர் துணிக்கடையில இருந்தவர்" என்றாள். "அவர்தான் மடிக்கச் சொல்லிக் கொடுத்தார்."

அதில் பொய்யான சொல் ஒன்றுகூட இல்லை. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. மனைவிக்குத் தொழில் கற்றுக்கொடுத்த கணவன் என்று ஒருவர் மைக்கில் இன்னும் கொஞ்சம் பேசினார். எல்லாம் முடிந்து தகரக் கதவைத் திறந்தபோது, நாத்தனார் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து, அங்கிருந்த துடைக்கிற துணிகளையெல்லாம் ஒரே அளவாக மடித்து அடுக்கி வைத்திருந்தாள். "அண்ணன்கிட்ட சொல்லணும், மைக்ல அவர் பேர் அடிபட்டுச்சுன்னு" என்றாள். பஸ்ஸில் வழக்கம்போல மடிப்பக்காவுக்கு ஜன்னல் பக்கம் விட்டுக்கொடுத்தாள். கதை எதுவும் கட்டவில்லை.

அடுத்த வாரமே மேஜைக்கு ஒரு ஆள் என்று கறாராக்கினார்கள். ஐடி இல்லாதவர்கள் நிற்க இடமில்லை. மடிப்பக்கா கான்ட்ராக்டரைத் தேடிப்போய், நாத்தனாரை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டாள். அவர் நல்ல மனிதர்தான். நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பேசினார். "நிறுத்தறதுக்கு முதல்ல பேரு இருக்கணும்கா. சிஸ்டம்ல தேடிப் பார்த்துட்டேன், அப்படி ஒரு ஆள் இங்க வேலையே செய்யலை" என்றார். அவருடைய நோட்டு? அது ஒவ்வொரு மாதமும் புது நோட்டு. பழையது எங்கே போயிற்று என்று அவருக்கே தெரியாது.

சாம்பல் சட்டை வந்ததும் மடிப்பக்காவைப் பயிற்சி கொடுக்கிறவளாக்கினார்கள். புதிதாக வருகிற பெண்களுக்கு மூன்று நாள், அறுபது செய்வது எப்படி என்று அவள் சொல்லித்தருகிறாள். அவளுக்கே ஒருநாளும் அறுபது வந்ததில்லை. இனி யாரும் அளக்கவும் போவதில்லை. வீட்டுக்காரருக்கு மருத்துவ அட்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. நல்ல ஆஸ்பத்திரி, தனிப் படுக்கை. பத்து நாளும் பகலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது தங்கைதான். மடிப்பக்காவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. மிச்சமிருந்த நான்கு பேரும் ஷிப்டு மாற்றிக்கொண்டுவிட்டதால், பஸ் நிறுத்தத்தில் இப்போது மடிப்பக்கா தனியாக நிற்கிறாள். எதிர்வீட்டுக்காரி குப்பை கொட்டக் கிளம்பினால், மடிப்பக்கா பஸ் ஏறிப் போகும்வரை வாளியோடு வாசலுக்குள்ளேயே நின்றுவிடுகிறாள்.

இந்த நிலையில்தான் முந்தின நாள் கான்ட்ராக்டர் போன் செய்தார். விற்பனை ஏறுகிற மாதங்கள் வருகின்றன, இருநூறு பேர் வேண்டும், சாம்பல் சட்டைக்காரி சொன்னால் தெரு நம்பும். மடிப்பக்கா ஒரே ஒரு இடம் கேட்டாள். அந்தத் தாள்தான் டீ கிளாஸின் அடியில் கிடந்தது.

"பாத்திரம் ஓட்டையாகிடப் போகுது, விடும்மா" என்றாள் மடிப்பக்கா. "இங்க வா. ஒரு கையெழுத்து. இந்தத் தடவை முதல் நாளே ஐடி. அதைச் சொல்லித்தான் வாங்கினேன்."

நாத்தனார் கையைக் கழுவினாள். முந்தானையில் துடைக்காமல், அண்ணன் மடித்து வைத்த துண்டின் ஓரத்தையும் தொடாமல், உதறிக் காயவைத்துக்கொண்டு மேஜைக்கு வந்தாள். கிளாஸைத் தூக்கி நகர்த்தினாள். தாளைக் கையிலெடுத்து மேலிருந்து படித்துக்கொண்டு வந்தாள். பாதியில் நின்றாள்.

"இதுல நீங்களே எழுதிட்டீங்களா?"

பெயர், வயது, விலாசத்துக்குக் கீழே, முன் அனுபவம் என்ற இடத்தில், மடிப்பக்காவின் உருண்டைக் கையெழுத்தில், இல்லை என்று எழுதியிருந்தது.

"இருக்குன்னு எழுதினா தேடுவாங்க" என்றாள் மடிப்பக்கா. "தேடினா இருக்காது. அப்புறம் பொய் சொன்னேன்னு தூக்கிப் போட்டுடுவாங்க. ஒரு வார்த்தைதானே. உள்ள போயிட்டா உன் கை பேசும்."

"எத்தனை பேசணும்?"

"அறுபது."

"யார் சொல்லித் தருவாங்க?"

மடிப்பக்கா கிளாஸை எடுத்து, அதில் டீ இல்லை என்று பார்த்து, திரும்ப வைத்தாள். "மூணு நாள்தான். என்கிட்டதான் வருவே. சும்மா பேருக்கு என் பக்கத்துல நின்னா போதும்."

வீட்டுக்காரர் அதுவரை போர்வையின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மறுமுனையைப் பிடிக்க எப்போதும் தங்கைதான் வருவாள். யாரும் வராததால் தாடைக்கடியில் ஒரு முனையை இடுக்கிக்கொண்டு தனியாகவே மடிக்கப் பார்த்தார். "கோணல் ஆகுது" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

"நான் போறேன் அண்ணி. போகமாட்டேன்னு சொல்லலை" என்றாள் நாத்தனார். "வேற எங்க போறது நான். கையெழுத்தும் போடறேன்." போட்டாள். ஒவ்வொரு எழுத்தாக, பள்ளிக்கூடத்தில் போடுகிற மாதிரி. பேனாவை மூடி மேஜையில் வைத்தாள். "ஒண்ணு மட்டும் கேக்கணும். கோபமில்லை, தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். அந்த எழுபத்து நாலுல, என்னோடது எத்தனை?"

மடிப்பக்காவுக்கு அது தெரியும். பஸ்ஸில், பயிற்சி மேஜையில், ஆஸ்பத்திரி வராந்தாவில், எத்தனையோ தடவை போட்டுப் பார்த்த கணக்கு. நாற்பத்தொன்றைக் கழித்தால் வருவது ஒரு எண். கஷ்டமான பாதி யாருடையது என்று சேர்த்துக்கொண்டால் வருவது வேறு எண். எதைச் சொன்னாலும் அதைச் சொன்ன பிறகு ஜன்னலிலிருந்து அந்தச் சட்டையை எடுத்து எப்படிப் போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. மருத்துவ அட்டையால் அறுவை முடிந்து ஆறிவருகிற வயிற்றைப் போர்வையால் மறைத்துக்கொண்டு நிற்கிற புருஷனைப் பார்த்தாள். அவர் போர்வையின் கோணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தாளை எடுத்து, மை காயட்டும் என்று இரண்டு தடவை ஊதினாள். நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

நாத்தனார் அந்தப் பையைப் பார்த்தாள். பிறகு கட்டிலில் இருந்த தன் அடுக்கை இரண்டு கையாலும், குலையாமல், அடியோடு தூக்கிக்கொண்டாள். கதவைக் கால் பெருவிரலால் திறந்துகொண்டு அறையை விட்டுப் போனாள்.